எந்தத் தெரு என்று மட்டும்

தண்ணீருக்கு முன்னால் காற்று வரும். வறண்ட குழாய்க்குள்ளிருந்து முதலில் ஒரு சீறல், பிறகு நெஞ்சில் சளி கட்டியவர் இருமுவதுபோல் மூன்று நான்கு இருமல், அப்புறம் நீளமாக ஒரு பெருமூச்சு, அதன் முடிவில்தான் துருநிறத்தில் ஒரு கை தண்ணீர். எண்பத்து மூன்றாம் வருஷம், மே மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை பத்தே காலுக்கு, எங்கள் தெருவுக்கு முறையில்லாத நாளில் அந்தச் சீறலைக் கேட்டேன். கேட்டதும் சந்தோஷமாக இருந்தது. நாற்பத்திரண்டு வருஷமாக என்னை உறுத்துவது அந்தச் சந்தோஷம்தான். செய்த காரியம்கூட அதற்கு அடுத்தபடிதான். இப்போதும் பத்தே கால். மகன் நன்மாறன் மைக்கைத் தட்டித் தட்டி ஹலோ ஹலோ என்கிறான், அதுவும் சீறுகிறது. நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலி ஆடுகிறது. பந்தல்காரர் இறக்கிய நூறு நாற்காலிகளில் கால் சூம்பியது ஒன்று எனக்கென்று வந்து சேர்ந்திருக்கிறது. மாற்றிக்கொள்ளலாம், ஆனால் எழுந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும், அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று நாலு பேர் ஓடி வருவார்கள். அம்மாவுக்கு ஒன்றும் வேண்டாம். எதிரே மேசைமேல் மஞ்சள் துணி மூடிய படம். துணிக்குள் என் கணவர் தெய்வசிகாமணி இருக்கிறார். இன்று பதினாறாம் நாள், படத்திறப்பு. பின்னால் கட்டிய பேனரில் ‘முன்னாள் ராணுவ வீரர்’ என்று பெரிய எழுத்தில் போட்டு, அடியில் சிறியதாக ‘நகராட்சி ஊழியர், ஓய்வு’ என்று போட்டிருக்கிறார்கள். ராணுவத்தில் ஒன்பது வருஷம், தண்ணீர் திறந்துவிடும் வேலையில் முப்பது வருஷம், நியாயமாகப் பார்த்தால் எழுத்தின் அளவு மாறியிருக்க வேண்டும் என்று நன்மாறனிடம் சொன்னேன். “ராணுவம்னாதாம்மா ஜனங்க நின்னு படிப்பாங்க” என்றான். படிக்கட்டும். அதற்கும் கீழே, அவனே யோசித்து எழுதிய வரி ஒன்று: ‘ஊரின் எந்தத் துக்கத்திலும் முதல் ஆளாய் நின்றவர்.’ அந்த வரியைத்தான் என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பேசப் போகிறவர்கள் மூன்று பேர், மூன்றாவது ஆள் நான். மற்ற இரண்டு பேரும் அந்த வரியைத்தான் பேசப் போகிறார்கள், ஏனென்றால் இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் மிலிட்டரிக்காரரைப் பற்றி அதைத்தான் சொல்வார்கள். இவர் ஏன் போய் நின்றார் என்று எனக்கு மட்டும் தெரியும். சொன்னால் அந்த வரி விழுந்துவிடும். சொல்லாவிட்டால் இவரை ஒரு பொய்க்குக் கீழே மாட்டிவைத்து மாலை போட்டதாகும்.

வரதப்பன் பேச எழுந்துவிட்டார். ராணுவத்தில் இவரோடு ஒரே கம்பெனியில் இருந்தவர், சுபேதாராக ஓய்வு பெற்றவர், எண்பது வயதிலும் முதுகு வளையவில்லை. முட்டு மட்டும் மடங்க மறுக்கிறது, மேடை என்று போட்ட இரண்டு பலகைமேல் பக்கவாட்டில் ஏறுகிறார். எழுபத்தொன்று, மேற்குப் பாலைவனம், மணலில் கண்ணிவெடி எடுக்கிற வேலை, தெய்வசிகாமணி குச்சியால் மணலைக் குத்திப் பார்ப்பது தாய் பிள்ளைக்கு ஜுரம் பார்ப்பதுபோல் இருக்கும் என்கிறார். நல்ல உவமைதான். ஆனால் சண்டை என்று ஆரம்பித்ததும் அவர் குரல் பேனர் எழுத்துபோல் பெரியதாகிவிடுகிறது, நான் கேட்பதை விட்டுவிடுகிறேன். இவர் எனக்குச் சொன்னபோது இவ்வளவு சத்தம் இல்லை. சொன்னது ஒரே ஒரு முறை, கல்யாணமாகி ஐந்தாம் வருஷம், பட்டாணி உரித்துக்கொண்டு. ஆரணிக்காரன் ஒருவன், கோவர்த்தனன், இவரைவிட மூன்று வயது சின்னவன், வெடியில் போனான். தண்ணீர் லாரி வரவில்லை. எரிப்பதற்கு முன் முகத்தையாவது கழுவ வேண்டும் என்று எல்லோரும் பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், இவருடையதில் மட்டும் இரண்டு வாய்த் தண்ணீர் இருந்தது. “ஒரு வாய நான் குடிச்சிட்டேன், காலேஜு” என்றார். என்னைக் காலேஜு என்றுதான் கூப்பிடுவார். பி.ஏ. தமிழ் படித்தவளை எட்டாவது படித்தவர் வேறு எப்படிக் கூப்பிடுவது. “ஒரு வாய்தான் அவனுக்கு. கண்ணு ரெண்டும் தொடைச்சேன். வாயாண்ட மண்ணு அப்படியே நின்னுபோச்சு.” பட்டாணித் தோலைக் குப்பையில் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். நான் அன்று ஒரு கவிதை எழுத நினைத்தேன். என்ன மனுஷி நான். ஒரு வாய் என்ற சொல்லை எங்கே வைத்தால் ஓசை சரியாக விழும் என்று அரை நாள் யோசித்தேன், அப்புறம் அதுவும் வரவில்லை. வரதப்பன் இப்போது கோவர்த்தனனைப் பற்றித்தான் சொல்கிறார், ஆனால் அவர் கதையில் தண்ணீர் இல்லை, கொடி இருக்கிறது. கைதட்டுகிறார்கள். துக்க வீட்டில் கை தட்டலாமா என்று பாதியில் நிறுத்துகிறார்கள்.

பட்டாளத்திலிருந்து வந்ததும் முனிசிபாலிட்டியில் வேலை. ஆளுயர இரும்புச் சாவியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய், சாலையில் இருக்கும் குழியைத் திறந்து, சாவியை இறக்கி வால்வைத் திருக வேண்டும். இந்தத் தெருவுக்கு இத்தனை நிமிஷம், மூடு, அடுத்த தெரு. பாலாற்றுக் கிணறுகள் வற்றிப்போன அந்த வருஷம் ஐந்து நாளைக்கு ஒருமுறை நாற்பது நிமிஷம். அப்போது இவர் கையில்தான் ஊரின் கழுத்து இருந்தது என்று சொல்லலாம், சொல்லக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் இருந்தது. மாம்பழம் கொண்டுவந்து நீட்டுவார்கள், சினிமா டிக்கெட் நீட்டுவார்கள், “மிலிட்டரி, மவளுக்கு நிச்சயம், ஒரு அஞ்சு நிமிஷம்” என்று கெஞ்சுவார்கள், ஏசுவார்கள். யாருக்கும் ஒரு சுற்றுக்கூடத் திருக மாட்டார். ஒன்றே ஒன்றுக்குத் திருகுவார். ஒரு தெருவில் சாவு என்று சேதி வந்தால், பிணம் கழுவ அந்தத் தெருவுக்குப் பத்து நிமிஷம். சட்டத்தில் இல்லாதது, இவராக ஆரம்பித்தது, மேலே இருந்தவர்களும் கண்டுகொள்ளவில்லை. சேதி யார் கொண்டுவந்தாலும் சரி, வழிப்போக்கர் சொன்னாலும் சரி. யார் வீடு, ஆணா பெண்ணா, என்ன வயது, எதுவும் கேட்கமாட்டார். எந்தத் தெரு என்று மட்டும் கேட்பார். சாவியை எடுப்பார். ஏன் வேறு எதுவும் கேட்பதில்லை என்று நான் கேட்டதற்கு, “செத்துட்டாங்கன்னு எவன் பொய் சொல்வான்” என்றார். எவன் சொல்வான். உண்மைதான், இவர் அதை ஆரம்பித்ததிலிருந்து அந்த மே மாதம்வரை அவ்வளவு பஞ்சத்திலும் ஒருவரும் சொல்லவில்லை. தண்ணீருக்காகத் தலைமயிரைப் பிடித்து அடித்துக்கொண்ட பெண்கள், குடத்தை எறிந்து மண்டையை உடைத்தவர்கள், அவர்கள்கூட அதைச் செய்யவில்லை. அவர்கள் யாரும் பி.ஏ. படிக்கவில்லை.

இடப்பக்கம் யாரோ வந்து உட்காருகிறார்கள். ஐம்பத்தைந்து வயது இருக்கும், கத்தரிப்பூ நிறப் புடவை, கையில் ரோஜா மாலை, அதைப் படத்துக்குப் போடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டிருக்கிறாள். நான் தெரியாதவர்களுக்குச் சிரிப்பதுபோல் சிரிக்கிறேன். அவள் சிரிக்கவில்லை, தலையை மட்டும் அசைக்கிறாள். எங்கே விட்டேன். பேராசிரியை. என் கல்லூரிப் பேராசிரியை, என் கவிதையைக் கல்லூரி மலரின் முதல் பக்கத்தில் போட்டவர், உன்னிடம் செவி இருக்கிறது குமுதவல்லி என்று சொன்னவர், அந்த ஞாயிற்றுக்கிழமை பதினொன்றரை பஸ்ஸுக்கு எங்கள் ஊருக்கு வந்து என் வீட்டில் சாப்பிடுவதாகக் கடிதம் போட்டிருந்தார். வீட்டில் ஒன்றரைக் குடம் தண்ணீர். கழிப்பறை வாளி காலி. தரையில் நன்மாறன் கொட்டிய கஞ்சி காய்ந்து ஒட்டியிருக்கிறது, பாத்திரங்கள் இரண்டு நாளாகத் தேய்க்காமல் குவிந்திருக்கின்றன. காலையில் இவர் சைக்கிளை எடுக்கும்போது கேட்டேன். “நம்ம தெருவுக்குச் செவ்வாக்கெழம” என்றார். “ஊருக்கே தண்ணி விடறவர் வீட்டுக்கு வந்து ஒருத்தர் கால் கழுவக்கூடத் தண்ணி இல்லன்னா நான் எப்படிங்க மூஞ்ச காட்டறது?” “அவங்களும் இந்த நாட்டுலதான காலேஜு இருக்காங்க. பஞ்சம்னு தெரியாதா?” சொல்லிவிட்டுச் சிரித்தார், அந்தச் சிரிப்புதான், அவர் கிண்டல் செய்யவில்லை, ஆனால் வால்வுக்காரன் பெண்டாட்டி என்று அந்தம்மாள் மனதுக்குள் நினைப்பதை அவர் முன்கூட்டியே சிரித்துவிட்டதுபோல் எனக்குப் பட்டது. மண்ணெண்ணெய் வண்டிக்காரர் மணியடித்துக்கொண்டு வந்தார். எங்கள் தெருவில் விற்றுவிட்டு ஊர்த் தண்ணீர்த் தொட்டிப் பக்கம்தான் போவார். “போற வழியில வால்வாண்ட இவர் இருப்பாரு. நம்ம தெருவுல ஒரு சாவுன்னு சொல்லிடுங்க.” அடடா, யாருங்க என்றுகூட அவர் கேட்கவில்லை. உச்சுக்கொட்டிவிட்டுப் போனார். பத்தே காலுக்குச் சீறல். தெருவே கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தது, என்ன ஆச்சரியம், மகமாயி கண் திறந்தாள் என்று குடம் குடமாகப் பிடித்தார்கள், நானும் பிடித்தேன். தரையைக் கழுவினேன். கழுவும்போது பாடினேன்.

பேராசிரியை வரவில்லை. பஸ் ஏறும் இடத்தில் மயக்கம் வந்து திரும்பிவிட்டாராம், வெயில், நான்கு நாள் கழித்துக் கடிதம் வந்தது. அதை இப்போது நினைப்பதில் பயன் இல்லை. வந்திருந்தால் மட்டும் என்ன. ஒன்றரை மணிக்கு இவர்தான் வந்தார். சைக்கிளை நிறுத்திவிட்டுத் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் பார்த்தார். பந்தல் இல்லை, மேளம் இல்லை, வாசலில் சொம்புத் தண்ணீரும் வேப்பிலையும் இல்லை. எல்லா வீட்டு வாசல்களும் ஈரமாக இருந்தன, எங்கள் வாசலும் ஈரமாக இருந்தது. உள்ளே வந்து பளபளவென்ற தரையில் கால் வைக்காமல் நடை ஓரமாகவே நின்றார். “எதிர்வீட்டு நாகரத்தினம்மாவுக்கு எப்படி இருக்கு?” என்றார். அந்தம்மாள்தான் தெருவில் எல்லோரிலும் மூத்தவர், படுக்கையில் இருந்தவர். “அப்படியேதான் இருக்காங்க” என்றேன். “ம்” என்றார். அவ்வளவுதான். அந்த ‘ம்’மை நான் நாற்பத்திரண்டு வருஷமாகப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். தெரிந்த ‘ம்’மா, தெரியாத ‘ம்’மா. மூக்கால் வந்ததா, நெஞ்சால் வந்ததா. செவி இருக்கிறது என்று பெயர் வாங்கியவளுக்கு அந்த ஓர் எழுத்து மட்டும் பிடிபடவில்லை. சாப்பிடாமல் திரும்பப் போனார். சாயங்காலம் ஊர் பேசியது. சுண்ணாம்புக்காரத் தெருவில், ஊரின் கடைக்கோடியில், மேட்டில், மங்காத்தா என்று ஒருத்தி, முப்பத்தாறு வயது, பிரசவத்தில் போய்விட்டாள். பன்னிரண்டரைக்குச் சேதி வந்திருக்கிறது, எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு இவர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறார், திருகியிருக்கிறார். தொட்டியில் மட்டம் இறங்கிவிட்டது, மேட்டுக்கு ஏறவில்லை. காலையில் எங்கள் தெருவுக்கு விட்ட பத்து நிமிஷத்தில் அந்த மட்டம் போயிருந்தது. அந்தத் தெருவில் இருந்த ஒரே தண்ணீர் சுண்ணாம்புத் தொட்டியில் தெளிந்து நின்ற தண்ணீர். அதை மொண்டு கழுவினார்கள். அது காயக் காய அவள் முகமும் தலைமயிரும் வெள்ளையடித்த சுவர்போல் ஆகிவிட்டது என்று பால்காரி சொன்னாள், எங்கள் வீட்டு வாசலில் நின்று, என்னிடம்.

டக். நாற்காலியை இவ்வளவு ஆட்டக் கூடாது. பக்கத்தில் இருப்பவள் பார்க்கிறாள். அதற்கப்புறம் இவர் எந்தத் தெரு என்று மட்டும் கேட்பதை நிறுத்திவிட்டார். சாவு என்று சேதி வந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்கே போவார். வாசலில் செருப்பை விடுவார், உள்ளே போய்ப் பிணத்தை ஒரு நொடி பார்ப்பார், கும்பிடுவார், வெளியே வந்து வால்வுக்குப் போவார். ஆரம்பத்தில் ஜனங்களுக்குப் புரிந்தது. “ஏன் மிலிட்டரி, பொணத்த வந்து பாத்தாதான் தொறப்பியா, மூக்குல பஞ்சு வெச்சிருக்கான்னு சோதிக்கிறியா?” என்று ஒருவர் நடுவீட்டில் கேட்டாராம். இவர் கும்பிட்டுவிட்டு வால்வுக்குப் போனாராம். பிறகு வருஷங்கள் போகப் போக ஊர் காரணத்தை மறந்துவிட்டது, வந்து நிற்பதை மட்டும் வைத்துக்கொண்டது. முதல் ஆளாக வருகிறார், உறவுக்காரர்களுக்கும் முன்னால் வருகிறார், சாதி பார்க்காமல் வருகிறார், என்ன மனசு. ஒருநாள் மோர் குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார், “ராணுவத்துல பாத்தத விட இந்த ஊர்லதான் காலேஜு நெறைய பொணம் பாத்துட்டேன்.” குற்றம் சாட்டுவதுபோல் இல்லை. கணக்காகவும் இல்லை. நான் மோர்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். சொல்லியிருக்கலாம். அதுதான் சொல்லக்கூடிய நேரம், மோரும் இருந்தது, வெயிலும் இருந்தது, நன்மாறன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். சொல்லவில்லை. தெரிந்திருந்தால் ‘எனக்குத் தெரியும்’ என்று அவர் சொல்லியிருப்பார் என்று சமாதானம் செய்துகொண்டேன். தெரியாவிட்டால் எதற்கு அவர் நிம்மதியைக் கெடுப்பது என்று இன்னொரு சமாதானம். இரண்டு சமாதானங்களையும் மாற்றி மாற்றிச் சாப்பிட்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

“நீங்கதான அவங்க வீட்டம்மா?” பக்கத்தில் இருந்தவள்தான் கேட்கிறாள். ஆமாம் என்கிறேன். “எம்பேரு புஷ்பலீலா. சுண்ணாம்புக்காரத் தெரு.” ஏதாவது சொல்ல வேண்டும். சுண்ணாம்புக்காரத் தெருவில் நூறு வீடு இருக்கிறது, யாரோ, எவளோ. “மங்காத்தா பொண்ணு” என்கிறாள். பந்தலுக்கு வெளியே யாரோ வடை சுடுகிறார்கள், எண்ணெய் மணம் வருகிறது. “அவரு வருசா வருசம் எங்க அம்மா நாளுக்கு வருவாரும்மா. வந்து ஒக்காருவாரு, ஒரு டம்ளர் தண்ணி கேப்பாரு, குடிப்பாரு, போயிடுவாரு. போன வாரந்தான் அம்மா நாளு. வரல. அவரு வராத வருசமே கெடயாதேன்னு விசாரிச்சா, இப்படின்னாங்க.” மே மாதத்தில் ஒரு நாள் சங்கக் கூட்டம் என்று போவார், முன்னாள் ராணுவத்தினர் சங்கம், சாயங்காலம் வெறுங்கையோடு வருவார், கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்றால் “ஒண்ணுமில்ல, தண்ணி குடுத்தாங்க” என்பார். நான் சிரிப்பேன், நல்ல சங்கம் என்பேன். “அம்மா போறப்போ எனக்குப் பதினாலு வயசு” என்கிறாள் புஷ்பலீலா. “அன்னைக்கி அவரு எங்க வீட்டுக்கு வந்து அப்பா முன்னாடி நின்னாரு. தப்பு என்னுதுன்னாரு. அப்பா செருப்பத் தூக்கினாரு, அவரு நவுரல.” நான் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டேன். “என்ன சொன்னார்?” அவள் மாலையில் ஒரு ரோஜா இதழைக் கிள்ளுகிறாள். “‘காலையில எங்க வீட்ல தண்ணி கேட்டாங்க, குடுக்கல, அப்புறம் எங்க தெருவுல சாவுன்னு சேதி வந்துது, தொறந்துட்டேன், போய்ப் பாத்தா தெருவுல எல்லாரும் உசுரோட இருக்காங்க, தண்ணி கேட்டது ஒரே ஆளுதான்’ அப்படின்னாரு.” நாற்காலி அசையவில்லை. நான்தான் அசையவில்லை போலிருக்கிறது. “உங்களுக்கு எப்பலேருந்து தெரியும்?” “அன்னைக்கேதாம்மா. எங்க வீட்ல எல்லாருக்கும் தெரியும். அப்பாதான், சாவு வீட்டு வெசயத்த வெச்சி ஒரு பொம்பளைய ஊர்ல நாறடிக்கக் கூடாதுன்னு வாய மூடச் சொல்லிட்டாரு.” அவள் என்னைப் பார்க்கிறாள், கோபமாக இல்லை, அதைத் தாங்கியிருப்பேன். ஒரு பொருளைப் பற்றி நெடுநாள் கேள்விப்பட்டுக் கடைசியில் நேரில் பார்ப்பவர்கள் பார்ப்பதுபோல் பார்க்கிறாள். “ஒருவாட்டியாவது உங்கள இட்டுகினு வருவாருன்னு நெனப்பேன்” என்கிறாள்.

ஆக, அது தெரிந்த ‘ம்’. அன்று மாலையே, இருட்டுவதற்கு முன்பே, ஊரின் கடைக்கோடியில் ஒரு வீட்டில் என்னைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கிறது. அங்கே பதினாலு வயதுப் பெண் ஒருத்தி என்னைத் தெரிந்துகொண்டே வளர்ந்திருக்கிறாள், கல்யாணம் செய்துகொண்டிருக்கிறாள், பிள்ளை பெற்றிருக்கிறாள். நான்தான் பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தேன் என்று நினைத்துக்கொண்டு பெட்டிமேல் உட்கார்ந்திருந்தேன். இவர் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது மன்னிப்பா. மன்னித்தவர் ஏன் வருஷா வருஷம் போய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்க வேண்டும், ஏன் சங்கக் கூட்டம் என்று என்னிடம் சொல்ல வேண்டும். நான் சொல்லும்வரை காத்திருந்தாரா. நாற்பத்திரண்டு வருஷம் ஒரு மனிதர் எதிரே உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டு காத்திருக்க முடியுமா. குச்சியால் மணலைக் குத்திப் பார்த்த ஆள், முடியும், முடியும் என்றுதான் தோன்றுகிறது, அழுத்திக் குத்தினால் வெடித்துவிடும் என்று அவருக்குப் பயிற்சி கொடுத்திருந்தார்கள். இல்லை, இதுவும் உவமை. உவமையை விடு குமுதவல்லி. நன்மாறன் கூப்பிடுகிறான். அமீர்ஜான் பாய் இரண்டாவதாகப் பேச வேண்டும், ஆனால் அவருக்கு மூச்சு வாங்குகிறது, பம்ப் ஹவுஸில் இவரோடு முப்பது வருஷம் இருந்தவர், “பாபி மொதல்ல பேசட்டும்” என்று என்னைக் கை காட்டுகிறார், அண்ணி என்பதற்கு அவர் சொல் பாபி. நான் எழுந்தேன். நடந்தேன். மைக் என் முகத்துக்கு நேரே இல்லை, நன்மாறன் அதை இறக்கிக் கொடுத்தான், என் காதில் “ரெண்டு வார்த்தை போதும்மா, அழாத” என்றான்.

அழவில்லை. “அந்த எழுத்தைப் படிச்சிருப்பீங்க” என்றேன். “எந்தத் துக்கத்திலும் முதல் ஆளா நின்றவர்னு. அவர் துக்கம் கேட்க வரலை. செத்தது நிஜமா பொய்யான்னு பார்க்கத்தான் வந்தார். முன்னால அப்படிப் பார்க்க மாட்டார். எந்தத் தெருன்னு மட்டும் கேட்டுட்டுத் தண்ணி விடுவார். ஒருத்தர் பொய் சொன்னாங்க, அதனால பார்க்க ஆரம்பிச்சார். அன்னைக்குச் சுண்ணாம்புக்காரத் தெருவுல நிஜமா செத்தவங்களுக்குத் தண்ணி போகல. பொய் சொன்னது நான்.” என் குரல் எனக்கே மாணவர்களுக்கு வருகைப்பதிவு எடுப்பதுபோல் கேட்டது, நான் ஒருநாளும் ஆசிரியையாக இருந்ததில்லை. பின்வரிசையில் ஒருவர் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன என்று கேட்டார், அவர் தெரியவில்லை என்று கையை விரித்தார். வரதப்பன் என்னைப் பார்க்காமல் தன் முட்டியைப் பார்த்தார். நன்மாறன் என் கையிலிருந்து மைக்கை வாங்கிக்கொண்டான், மெதுவாகத்தான் வாங்கினான், ஆனால் விரல்களைப் பிரித்து வாங்கினான். அப்போது அமீர்ஜான் பாய் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். “பாபி சொல்றது சரி. அந்தக் கதை எனக்கும் பாதி தெரியும், ஆளுதான் தெரியாது. ஆனா தொண்ணூத்தி ரெண்டுல புது டேங்க் வந்துட்டுது. தெனம் தண்ணி. செத்த வூட்டுக்குன்னு தனியா தொறக்கற வேலையே போச்சு. அப்பவும் போனான் இவன். ரிட்டயர் ஆயிட்டும் போனான். நான் கேட்டேன், டேய் மிலிட்டரி, இப்ப இன்னாத்துக்குடா போறே, யாரு உன்ன ஏமாத்தப் போறான்னு.” மூச்சு வாங்க நிறுத்தினார். பந்தல் காத்திருந்தது. “கால் போவுது பாய்ன்னான். அவ்ளோதான் சொன்னான்.” நான் அப்படி யோசித்ததே இல்லை. தொண்ணூற்றிரண்டு. அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல். என் பொய் அவரை அனுப்பியது ஒன்பது வருஷம்தான் என்றால் மீதியை எதில் சேர்ப்பது. பழக்கம் என்பதா, பரிகாரம் என்பதா, கோவர்த்தனன் வாயருகே நின்றுபோன மண் என்பதா. எனக்குத் தெரியாது. பாய்க்கும் தெரியாது. கால் போனது.

படத்தின் துணியை வரதப்பன் விலக்கினார். மாலைகள் விழுந்தன. யாரும் என்னிடம் வந்து எதுவும் கேட்கவில்லை, ஆனால் பந்தி போட்டபோது எனக்கு இரண்டு பக்கமும் நாற்காலி காலியாகவே இருந்தது. எதிர்வீட்டு மருமகள் என் இலைக்குப் பாயசம் விட மறந்து போய்விட்டாள், அல்லது மறக்கவில்லை. நன்மாறன் பேசுவான், நாளைக்கோ அடுத்த மாதமோ, இன்று பேச மாட்டான். புஷ்பலீலா சாப்பிட்டாள். கையைக் கழுவிவிட்டு, மடியில் வைத்திருந்த மாலையைப் படத்துக்குப் போட்டுவிட்டு, கொஞ்ச நேரம் இவர் முகத்தைப் பார்த்தாள். இவருடைய அறுபதாவது வயதுப் படம், சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கியிருக்கிறது, நான் அப்போதே சொன்னேன். பிறகு செருப்பைத் தேடிக்கொண்டே என்னிடம் வந்தாள். என்னைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன். “அவர நல்லா குளுப்பாட்டுனீங்களாம்மா?” என்று கேட்டாள். வழக்கமாகக் கேட்பதுதான், சாவு வீட்டுக்கு வர முடியாதவர்கள் பிறகு வந்து எல்லோரும் கேட்பதுதான். அவளிடம் உள்ளதைச் சொன்னேன். ரத்தத்தில் கிருமி பரவியிருந்தது, தொட்டால் தொற்றும் என்றார்கள். கட்டைப் பிரிக்க வேண்டாம் என்று எழுதி, மருத்துவமனையிலேயே ஈரப்பஞ்சால் துடைத்து, உறையில் சுற்றிக் கட்டிக் கொடுத்தார்கள். வீட்டு வாசலில் வண்டி இருபது நிமிஷம் நின்றது. ஐந்து மணிக்கு மின்தகன மேடையில் நேரம் கொடுத்திருந்தார்கள். அவரைக் குளிப்பாட்டவில்லை.